சவேரியம்மாள் மூடிவைத்த சுண்ணாம்பு

1

ஒரு பெண்ணின் வலது கண் போனதற்கு நான் காரணம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், தா.பழூர் பக்கத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையைப் பழுது பார்த்தபோது நடந்தது. அவசரத்தில் செய்த காரியம். உடனே ஒப்புக்கொண்டிருந்தால் விபத்து என்ற பெயரோடு நின்றிருக்கும். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவளே செய்துகொண்டாள் என்று சொன்னேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருச்சியில் ரசாயனம் படித்துத் தேறியிருந்தேன். எதையும் நம்பும்படி சொல்ல வந்திருந்தது.

ஊரில் இருப்பவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெயரைச் சொன்னால் இன்றும் சிலர் கண்டுபிடித்துவிடுவார்கள். என் தங்கையின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். அவள் பெயரை விடமாட்டேன். சவேரியம்மாள். ஏலாக்குறிச்சிக்காரி. கொத்தனார் அந்தோணிசாமியின் மனைவி. இன்று நினைக்கும்போது ‘அவர்’ என்றுதான் மனம் சொல்கிறது. ஆனால் அன்று நான் அப்படி நினைக்கவில்லை. அதை மறைக்க வேண்டாம் என்று ‘அவள்’ என்றே எழுதுகிறேன்.

2

மலேயாவுக்கு வந்து ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஈப்போவில் சொந்த வீடு. மனைவி இறந்து ஆறு வருஷம். மகள் மல்லிகா கோலாலம்பூரில் இருக்கிறாள்.

போன மாதம் குளியலறையில் கால் வழுக்கியது. விழவில்லை. துண்டு போடும் கம்பியைப் பிடித்தேன், அது சுவரிலிருந்து கையோடு வந்துவிட்டது. இதை நான் போனில் வேடிக்கையாகச் சொன்னேன். மல்லிகா சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே ஒரு சீனக் காண்டிராக்டரோடு வந்து இறங்கினாள்.

“வழுக்காத டைல்ஸ் போடறோம்ப்பா. ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கக் கம்பி. வாசலையும் அகலமாக்கிடலாம்.”

“வாசல் எதுக்கு அகலமா? நான் என்ன அவ்வளவு பருத்துட்டேனா?”

அவள் அளவு நாடாவைக் காண்டிராக்டர் கையில் கொடுத்தாள். சக்கர நாற்காலி நுழையும் அகலம் என்று அளவெடுத்தவர் வாயிலிருந்து பிறகு தெரிந்துகொண்டேன்.

காண்டிராக்டர் பெயர் லியோங். ஐம்பது வயது இருக்கும். தமிழ் ஆட்களோடு வேலை செய்தே தமிழ் பழகியவர். “தாத்தா, நீ உள்ளே வராதே” என்றார். மல்லிகா பதறிப்போய், “வராதீங்கன்னு சொல்லணும்” என்று திருத்தினாள். “ஓ, வராதேங்க” என்றார் அவர். அன்றிலிருந்து எனக்கு மரியாதைக்குக் குறைவே இல்லை. தண்ணீங்க, சிமெண்ட்டுங்க, பூனைங்க.

சுவரை இடிப்பதற்கு நகரசபையில் அனுமதி வேண்டும். மூன்று நடை நடந்தேன். வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம், தண்ணீர்க் கட்டணச் சீட்டில் மூன்றாவது விதம். மூன்று பேரும் நான்தான் என்று ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டி, கையெழுத்து போடுங்கள் என்றாள் அங்கிருந்த மலாய்ப் பெண். மேலே ஒரு வரி இருந்தது. வேலை நடக்கும்போது யாருக்கேனும் காயம் ஏற்பட்டால் வீட்டு உரிமையாளர் பொறுப்பேற்கிறார்.

பேனாவைத் திரும்ப மேசைமேல் வைத்தேன்.

“போடுங்கள் அங்கிள், ஒன்றும் நடக்காது. எல்லாரும் போடுவதுதான்” என்றாள் அந்தப் பெண். அவள் அன்பாகத்தான் சொன்னாள். போட்டேன்.

என்னைக் காரில் அழைத்துப்போன பேத்தி, பத்தொன்பது வயதுப் பெண், வழியில் கேட்டாள். “தாத்தா, வொய் ஆர் யு சோ கொயட்?” தமிழ் புரியும் அவளுக்கு. பேச்சு ஆங்கிலத்தில்தான் வரும். நான் எழுதும் தமிழைக் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். என்ன தோன்றியதோ, அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். அந்த அம்மா ஏன் உங்கள் பெயரைச் சொல்லவில்லை?

எங்கள் ஊரில் ஒரு மிராசு வீட்டுப் பையன் பேச்சுக்கு எதிராக ஒரு சித்தாள் பேச முடியாது என்பதை எந்த மொழியில் சொன்னாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. புரியாமல் இருப்பது நல்லதுதான். ஆனாலும் அவள் கேள்விக்கு உரிய பதில் அது மட்டும் அல்ல. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

3

எங்கள் வீட்டுக் குளியலறை கொல்லைப்புறத்தில் தனியாக இருந்தது. கருங்கல் பாவிய தரை. பல காலம் கால் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகிவிட்ட கல். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும். அம்மா அதில் ஒருமுறை விழுந்து இடுப்பு நோவோடு இரண்டு மாதம் கிடந்தாள்.

அந்த ஐப்பசியில் என் தங்கை காமாட்சி தலைப்பிரசவத்துக்கு வருவதாக இருந்தது. அப்பா கல்லைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பாகச் சுண்ணாம்புத் தளம் போடுவது என்று முடிவு செய்தார். ஒரே ஒரு சிக்கல். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கடப்பாரை போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா அதில் மிகவும் கண்டிப்பு.

“காமாட்சி வாசப்படி மிதிச்சப்புறம் இந்த வூட்ல ஒரு தட்டுச் சத்தம் கேக்கக் கூடாது. தெரியுதா அந்தோணி?”

“சரிங்கய்யா. ஆனா தளம் போட்டுப் பத்து நாளாவது ஈரச் சாக்கு கெடக்கணுங்க. அதுமேல காலு வைக்கக் கூடாது.”

கணக்குப் பார்த்தால் நாள் சரியாக இருந்தது. ஆனால் அரியலூர்க் காளவாயிலிருந்து சுட்ட சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த வண்டி மழையில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் தாமதமாக வந்தது. தங்கை வர அப்போது பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

அந்தக் காலத்தில் சுண்ணாம்பு நீற்றுவது தனி வேலை. காளவாயில் சுட்ட கல் பார்க்கச் சாதாரணக் கல்லைப் போலத்தான் இருக்கும். தண்ணீர் பட்டால் உள்ளே சூடேறி, வெடித்து, மாவாக உதிரும். அளவோடு தெளித்து, ஈரச் சாக்கால் மூடி, தானாக அடங்கும்வரை விட்டுவிட வேண்டும். சவேரியம்மாள் அதில் பேர் வாங்கியவள். உடையார்பாளையம் வரைக்கும் கொத்தனார்கள் அவளைச் சுண்ணாம்புக்கென்றே கூப்பிடுவார்கள். அப்போது அவளுக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும்.

வழக்கமாக வெளியே குழி வெட்டிச் சுற்றிலும் கருவேல முள்ளை வெட்டிப் போடுவார்கள், ஆடு மாடு, குழந்தைகள் நெருங்காமல் இருக்க. மழை என்பதால் அந்த முறை குளியலறைக்குள்ளேயே ஒரு கல்தொட்டியில் கொட்டினார்கள். உள்ளே இருப்பதற்கு எதற்கு முள் என்று நான்தான் சொன்னேன்.

“எத்தனை நாள் ஆகும்?” என்று அப்பா கேட்டார்.

“மூணு நாளு மூடிக் கெடக்கணுங்கய்யா” என்றாள் அவள்.

“வெள்ளிக்கெழமக்குள்ள தளம் போட்டாகணும்மா.”

“சுண்ணாம்புக்கு வெள்ளிக்கெழம தெரியாதுங்களே.”

“ஐயாகிட்ட வாயாடாத” என்றார் அந்தோணிசாமி.

“நான் எங்க வாயாடறேன்? அது பேசாது, அதுக்காக நான் பேசறேன்.”

அப்பா சிரித்துவிட்டார். அவள் தண்ணீரைக் கையால் அள்ளித் தெளித்தாள், விளிம்பிலிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு. காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து அதற்கு முதுகு காட்டி நின்றாள். பிறகு மூன்று சாக்கை நனைத்துப் போட்டு மூடினாள். வெளியே வந்து, யார் என்று குறிப்பிடாமல், “யாரும் தொறந்து பாக்காதீங்க” என்றாள். அங்கே நின்றிருந்தது நான் ஒருவன்தான்.

4

மறுநாள் காலை அந்தோணிசாமி செங்கல் பொடி ஏற்றி வர வண்டியோடு போயிருந்தார். அப்பா வயலில். சவேரியம்மாள் காய்ந்துபோன சாக்குகளை நனைக்கக் கிணற்றடிக்குப் போனாள்.

குளியலறையை ஒட்டிய சார்ப்புக் கொட்டகையில் எனக்கு வெந்நீர் போட்டிருந்தார்கள். பெரிய செப்புத் தவலை. நான் குளிக்கப் போகிறவன், உள்ளே எட்டிப் பார்த்தேன். கல் அப்படியே கல்லாகத்தான் கிடந்தது. ஒன்றிரண்டு மட்டும் விரிசல் விட்டிருந்தன. இப்படியே போனால் தங்கை வருவதற்குள் தளம் ஏது என்று தோன்றியது. வெந்நீர் விட்டால் வினை வேகமாக நடக்கும் என்பது நான் படித்த பாடம். பாடம் தப்பில்லை. எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதைப் சோதனைக் கூடத்தில் ஒரு சிட்டிகைக்குத்தான் பார்த்திருந்தேன்.

ஒரு செம்பு ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு செம்பு. அதற்கும் ஒன்றும் இல்லை. தவலையையே தூக்கி வந்து சாய்த்தேன்.

முதலில் புகை வந்தது. அப்புறம் தொட்டிக்குள் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். நான் என்னவென்று பார்க்கக் குனிந்தேன்.

“தள்ளுங்க சின்னய்யா!”

கிணற்றடியிலிருந்து ஓடி வந்த சவேரியம்மாள் இரண்டு கையையும் என் மார்பில் வைத்துத் தள்ளினாள். நான் பின்பக்கச் சுவரில் போய் விழுந்தேன். தோளில் கிடந்த ஈரச் சாக்கைத் தொட்டிமேல் போட அவள் திரும்பிய அந்த நொடியில் அது வெடித்தது. எனக்குக் கையில் இரண்டு மூன்று இடத்தில் தெறித்தது, அவ்வளவுதான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். கத்தவில்லை. “கண்ணுல தண்ணி ஊத்துங்க, கண்ணுல தண்ணி ஊத்துங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அம்மா குடத்தோடு ஓடிவந்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஊத்தாதம்மா. தண்ணி பட்டாத்தான் கொதிக்கும். நான் படிச்சிருக்கேன்.”

அம்மா குடத்தை இறக்கி வைத்தாள். படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து விளக்கெண்ணெய் வந்தது. கண்ணில் விட்டார்கள். நிறைகுடம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது.

அப்பா வயலிலிருந்து வந்தார். “யாரு தண்ணி ஊத்துனது?”

“அவதாம்ப்பா. நான் வேணாம்னுதான் சொன்னேன்.”

இரண்டாவது வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. முதல் பொய்யே போதுமானதாக இருந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். தரையில் உருண்டு கிடந்த தவலையைப் பார்த்தார். குனிந்து அதை நிமிர்த்தி, எடுத்துப் போய் அடுப்பின்மேல் வைத்தார். அப்புறம் வண்டி கட்டச் சொன்னார்.

வண்டி புறப்படும்போது அந்தோணிசாமி வந்து சேர்ந்தார். “ஒம் பொண்டாட்டி அவசரப்பட்டுட்டாப்பா” என்றார் அப்பா. அந்தோணிசாமிக்கு முதலில் பயம், பயத்தால் கோபம். “ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுவியே, ஒனக்கு எங்கடி போச்சு?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் இடது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

5

டவுன் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, “உடனே தண்ணிய விட்டு அலசலையா? யாரு வேணாம்னது?” என்றார். நான் பேசாமல் நின்றேன். “எங்களுக்கு என்னங்க தெரியும்” என்றார் அந்தோணிசாமி. இடது கண் பிழைத்தது. வலது கண் வெள்ளையாகிவிட்டது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இன்று யாரும் கல்லை வாங்கி நீற்றுவதில்லை. ஆனால் குளியலறை வேலை எல்லா வீட்டிலும் நடக்கிறது. சிமெண்ட்டும் கண்ணுக்குச் சுண்ணாம்பைப் போலத்தான் செய்யும். லியோங் சிமெண்ட் மூட்டையைப் பிரிப்பதற்கு முன் ஒரு வாளியில் நல்ல தண்ணீர் பிடித்து, தட்டால் மூடி, வாசல் ஓரமாக வைத்தார். எதற்கு என்று கேட்டேன். “கண்ணுக்குங்க” என்றார். நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவு எளிய காரியம். கண்ணில் பட்டால் எண்ணெய் வேண்டாம், தாய்ப்பால் வேண்டாம், படித்தவன் யோசனையும் வேண்டாம். சுத்தமான தண்ணீரை நிறைய, நிறுத்தாமல், கால்மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு அலசிக்கொண்டே இருங்கள். பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். வேலைக்காரர் ஒன்றை மூடிவைத்தால் திறக்காதீர்கள். வீட்டுக்காரனின் அவசரத்துக்கு வேலையின் நாளைக் குறைக்காதீர்கள்.

தங்கை குறித்த நாளில் வந்தாள். தளம் போடவில்லை. பெயர்த்த தரை அப்படியே கிடந்தது, வழக்கப்படி இனி அதைத் தொடவும் கூடாது. கீற்று மறைப்புக்குள் பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்து மூன்று மாதம் குளித்தாள். பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது. நான் குழந்தையின் காதைத் தொட்டுப் பார்த்தபோது, தங்கை என் கையில் இருந்த வெந்த வடுக்களைப் பார்த்து, “இது என்னண்ணே?” என்று கேட்டாள். சுண்ணாம்பு என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் மாமா ஒருவர் மூலமாக மலேயாவில் ஒரு ரப்பர் தோட்ட ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். பிழைக்கப் போகிறான் என்று ஊர் சொன்னது. பாதிதான் உண்மை.

6

மூன்று வருஷம் கழித்து விடுப்பில் வந்தேன். காமாட்சி குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். நான் கொண்டுவந்த பெட்டியைத் திறந்து அவளுக்கான சேலைகளை எடுத்தபோது அவள் கையை நீட்டவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தத் தவலைய அவ தொட்டிருப்பாளா?”

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நம்ம வூட்டுப் பாத்திரத்தத் தொட நாம என்னிக்கு அவங்கள வுட்டிருக்கோம்? அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். அந்தோணிக்குத்தான் வெந்நீருன்னு தெரியாது. அது கெணத்துத் தண்ணின்னு நெனச்சுக்கிட்டிருக்காரு.”

“அவ இப்ப எப்படி இருக்கா?”

“எந்தக் கொத்தனாரும் அவளச் சுண்ணாம்புக்கிட்ட சேக்கறதில்ல. மண்ணு சொமக்கறா. இல்லாட்டி புல்லு அறுக்கறா. புருசங்காரன் கள்ளு குடிச்சா ஊரே கேக்கத் திட்டறாராம், சொன்ன பேச்சக் கேக்காம கண்ணக் குடுத்தவன்னு.” சேலையை மடித்துப் பெட்டியிலேயே வைத்தாள். “மொதல்ல அங்க போயிட்டு வா. இத அப்புறம் கட்டிக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை ஏலாக்குறிச்சிக்குப் போனேன். கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்பியிருந்த நேரம். அந்தோணிசாமி வாசலில் உட்கார்ந்து கூடைக்குப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க சின்னய்யா, எப்ப வந்தீங்க? ஏ சவேரி, யாரு வந்திருக்காங்க பாரு.”

அவள் வெளியே வந்தாள். முழுதாக என்னைப் பார்க்க அவள் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது.

உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் பேச மாட்டேன் என்று தெரிந்தது. நின்றபடியே சொன்னேன். தண்ணீர் ஊற்றியது நான். வெந்நீர். என்னைத் தள்ளிவிட்டுத்தான் அவள் மாட்டிக்கொண்டாள். கண்ணைக் கழுவ விடாதது நான். அவள்மேல் பழி போட்டது நான்.

அந்தோணிசாமி என்னை ஒன்றும் கேட்கவில்லை. அவளைக் கேட்டார்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தவலையச் சாய்ச்சுட்டு நின்னத எங் கண்ணாலதான பாத்தேன்.”

“மூணு வருசமா வாயத் தொறக்கலியேடி.”

“தொறந்திருந்தா அன்னிக்கு நீ என்ன பண்ணியிருப்ப?”

அவர் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். “மண்வெட்டி கையில இருந்திச்சு.”

“இருந்திச்சுல்ல? அதான். கண்ணுதான் ஒண்ணு போச்சு. நீயும் ஜெயிலுக்குப் போயிட்டா நான் என்ன பண்றது?”

அந்தோணிசாமி கூடையைக் கீழே வைத்துவிட்டு வாய்க்கால் பக்கமாக நடந்து போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“மன்னிச்சிடுங்க” என்றேன். அவளை நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

“அதக் கோயில்ல சொல்லுங்க சின்னய்யா. எனக்கு எதுனா செய்யணும்னா வேற ஒண்ணு இருக்கு.”

“சொல்லுங்க.”

“தா.பழூர்ல நெல்லுக் கிட்டங்கி கட்டறாங்க. பதினோரு பேரு வேல பாக்கறோம். நாளைக்குக் காலைல அங்க வந்து, இங்க சொன்னத அங்க சொல்லுங்க. ஒரு சொல்லு கொறையாம.”

7

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். அவர் தவலையைப் பற்றிப் பேசவே இல்லை.

“நீ சொல்லிட்டுக் கப்பல் ஏறிடுவ. நான் இந்த ஊர்ல நடமாடணும்” என்றார்.

நியாயமான பேச்சு. ஆனாலும் காலையில் போனேன். அதற்குப் பிறகு நான் கப்பல் ஏறும்வரை அப்பா என்னோடு பேசவில்லை. கடிதத்தில் மட்டும் வழக்கம்போல ‘சிரஞ்சீவிக்கு’ என்று எழுதினார்.

கிட்டங்கிச் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. தலைமைக் கொத்தனார் என்னைப் பார்த்துத் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

“என்னங்க சின்னய்யா, மலேயாவுல வேல போயிடுச்சா? இங்க கல்லு சொமக்க ஆளு வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன். பிறகு சொல்லத் தொடங்கினேன். முந்தின நாள் இரண்டு பேரிடம் சொன்னதைவிடப் பதினோரு பேரிடம் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். நடுவில் குரல் போய்விட்டது. “கேக்கல” என்றாள் மண்கூடைக்காரி ஒருத்தி. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ‘நான் வேணாம்னுதான் சொன்னேன்’ என்று அப்பாவிடம் சொன்ன அந்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

முடித்தேன். ‘கேக்கல’ என்றவளே முதலில் வாயைத் திறந்தாள்.

“அப்ப மூணு வருசமா இவள மண்ணு சொமக்க வச்சது யாரு? அவரு கப்பல்ல போயிட்டாரு. நாம இங்கதான இருந்தோம்.”

தலைமைக் கொத்தனார் தலைப்பாகையை மறுபடி கட்டினார். நிதானமாக, அவிழ்ந்த இடமெல்லாம் செருகி, அவசியத்துக்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு கட்டினார். கட்டி முடித்துவிட்டு, “சவேரி, அந்தக் குழிய கொஞ்சம் பாரு. நேத்திலேருந்து கட்டி கட்டியா கெடக்கு. இவனுங்களுக்குத் தண்ணி அளவே தெரியல” என்றார்.

அவள் மண்கூடையைக் கீழே கவிழ்த்தாள். குழியை நோக்கி நடந்தாள். சுற்றிலும் கிடந்த கருவேல முள்ளை ஒரு குச்சியால் விலக்கி வழி செய்துகொண்டாள். சாக்கின் ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து மூடினாள். “யாருய்யா இத நீத்துனது?” என்றாள். “ஒரு கண்ணு உள்ளவளே பாத்துச் சொல்றேன், இது பாதிதான் நீறியிருக்கு.” சிரிப்பு எழுந்தது. இந்த முறை அது வேறு சிரிப்பு.

அந்தோணிசாமி அதுவரை சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார். முந்தின நாள் வாய்க்கால் பக்கம் போனவர் எப்போது வீடு திரும்பினார், அவளிடம் என்ன பேசினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டு வேலைக்கு அவர் பிறகு ஒருநாளும் வரவில்லை, என் முகம் பார்த்துப் பேசவும் இல்லை. அப்போது சுவரைத் தாண்டி வந்தார். அவளுடைய வலது பக்கத்தில், அவள் பார்க்க முடியாத பக்கத்தில், போய் நின்றுகொண்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்புக்கு அந்தப் பக்கமாகவே கையை நீட்டினாள். அவர் எடுத்துக் கொடுத்தார்.

என் வேலை முடிந்தது, போய்விடலாம் என்று நானும் அந்தப் பக்கமாகத்தான் ஓர் அடி எடுத்து வைத்தேன். காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

“சின்னய்யா, அங்க வேணாம். இந்தப் பக்கம் வந்து நில்லுங்க” என்றாள், இடது பக்கத்தைக் காட்டி. “நீங்க இருக்கறது எனக்குத் தெரியணும்.”

போய் நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளிம்பிலிருந்து, கையால் தண்ணீரை அள்ளித் தெளிக்க ஆரம்பித்தாள். சுண்ணாம்பின் புகை அடங்கும்வரை அங்கேயே நின்றேன். போகலாம் என்று அவள் சொல்லும்போது உச்சி வெயில் ஆகியிருந்தது.